நீலக் கோப்பினை மறுபடி திறவுங்கள்: பினாங்கு உபகாரச் சம்பளத் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் தேர்வுக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

உங்கள் அறவாரியத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இரண்டு வரி படித்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும். மற்றவர்களுக்குத் தெரிந்து ஆகப் போவது ஒன்றுமில்லை. சென்ற மாதம் ஜார்ஜ்டவுனில் உங்கள் அலுவலக மாடியில் நடந்த உபகாரச் சம்பள நேர்காணலுக்கு, "அறிவியல் தெரிந்தவர் ஒருவர் கூட இருந்தால் நல்லது" என்று என்னை அழைத்தீர்கள். மேசையின் கோடியில், குளிரூட்டியின் காற்று பிடரியில் விழும் நாற்காலி எனக்குக் கிடைத்தது. பேசுவதற்காக அழைக்கப்பட்ட நான், பேசியே ஆக வேண்டிய நான்கு நிமிடங்களில் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கடனைத்தான் இந்த மடலில் அடைக்கப் பார்க்கிறேன்.

பதினோராவதாக உள்ளே வந்த பெண்ணை உங்களுக்கு நினைவிருக்கும் என்று நம்புகிறேன். செபராங் பிறையிலிருந்து காலை ஃபெரி பிடித்து வந்தவள். அப்பா லோரி ஓட்டுகிறார். பல்கலைக்கழகத்துக்கு முந்திய எஸ்டிபிஎம் தேர்வில் உயிரியலுக்கு ஏ. நீலக் கோப்பு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு அதன் மூலையை நகத்தால் சுரண்டியபடியே பேசினாள்.

"என்ன படிக்கப் போகிறாய்?"

"நுண்ணுயிரியல், ஐயா. பாக்டீரியாவின் மரபணுக்களைப் பற்றி ஆராய ஆசை."

"கிருமியைப் படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவாய், அம்மா?"

"ஆராய்ச்சி, ஐயா."

"அதற்கு யார் சம்பளம் தருவார்கள்?"

அவள் என்னைப் பார்த்தாள். அந்த அறையில் பதில் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று யாரோ சொல்லி அனுப்பியது போன்ற பார்வை. நான் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். "ஃபார்மசிக்கு மாற்றிக்கொண்டு அடுத்த வருடம் வா, பார்க்கலாம்" என்று முடித்துவிட்டீர்கள். கேட்டவர் கனிவாகத்தான் கேட்டார். அதில் குறை இல்லை. கனிவாகக் கேட்டதனால்தான் எனக்கும் குறுக்கிடத் தோன்றவில்லையோ என்னவோ.

யார் சம்பளம் தருவார்கள் என்ற கேள்வி எனக்குப் புதிதன்று. 1977இல் என் அப்பா கேட்டார்.

நிபோங் தெபால் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவள் நான். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள். பள்ளி விடுமுறையில் அவர்களோடு போய், மரத்திலிருந்து பால் வடியும் கிண்ணங்களான மங்குகளைத் துடைத்து வைப்பது என் வேலை. சில நாட்களில் பால் வாளிக்கு வருமுன்னே மங்கிலேயே உறைந்துவிடும். உறைந்தது ஒட்டுப்பால் கணக்கில் போகும், காசு குறையும். அதற்காக அப்பா மங்குகளில் சில சொட்டு அமோனியாத் தண்ணீர் விடுவார். மூக்கு எரியும். "பால் ஏனப்பா உறைகிறது?" என்று கேட்டதற்கு, "வானம் சரியில்லை" என்றார். வடிந்த பாலில் பாக்டீரியா குடியேறி அதிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்குகிறது, அந்த அமிலம் பாலைத் திரிக்கிறது, அமோனியா அதைத் தடுக்கிறது என்று நான் தெரிந்துகொள்ள இன்னும் பல வருடங்கள் ஆயின. அப்பாவின் சம்பளத்தைக் கிராணியின் தராசு மட்டும் குறைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கூட்டமும் சேர்ந்து குறைத்துக்கொண்டிருந்தது.

தமிழ்ப்பள்ளி, புகுமுக வகுப்பு, ஆறாம் படிவம் எல்லாம் தாண்டி மிண்டனில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது அப்பா கேட்ட கேள்வியும் நீங்கள் கேட்ட கேள்வியும் ஒன்றே. நான் பொய் சொன்னேன். "ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் உடனே வேலை கிடைக்கும்" என்றேன். அவர் அதை லயத்தில் "மகள் டாக்டருக்குப் படிக்கிறாள்" என்று மாற்றிச் சொல்லிவிட்டார். பிற்பாடு முனைவர் பட்டம் வாங்கி ஊருக்கு வந்தபோது பாட்டிமார்கள் வரிசையாக வந்து காலில் இருந்த புண்ணைக் காட்டினார்கள். ஒருத்திக்கு நான் மருந்து எழுதித் தரவில்லை என்று இன்றுவரை கோபம் இருந்திருக்கும், உயிரோடு இருந்தால்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மடலே அதைப் பற்றியதுதான். அம்மாவின் சீட்டுப் பணம் பாதி. மீதிக்குத் தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டி, அந்த வருடத் திருவிழாக் கணக்கில் மிஞ்சிய 300 வெள்ளியை எடுத்துக் கொடுத்தது. கமிட்டித் தலைவர் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தண்டல், அதாவது தோட்டக் கண்காணி. அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் ஆசிரியரிடம் மட்டும், "பிள்ளை நன்றாகப் படிக்குமா?" என்று கேட்டார். "படிக்கும்" என்றார் ஆசிரியர். நேர்காணல் முடிந்தது.

இறுதியாண்டு ஆய்வுக்காக விரிவுரையாளர் என்னை வெல்வெட் துணி வாங்கிவரச் சொன்னார். நான் லிட்டில் இந்தியாவில் பினாங்கு வீதியில் இருந்த ஒரு துணிக்கடைக்குப் போனேன். "ரவிக்கைக்கா, தங்கச்சி? எத்தனை கெஜம்?" என்றார் கடைக்காரர். "கையகலத் துண்டாகப் பன்னிரண்டு வேண்டும், அண்ணே. பருத்தி வெல்வெட்தான் வேண்டும்." "இந்த அளவில் என்ன தைப்பாய்?" "தைக்க இல்லை. கிருமியை ஒற்றி எடுக்க." அவர் அதற்குமேல் பேசவில்லை. வெட்டிய துண்டுகளை விரல் நுனியால் என் பக்கம் தள்ளி வைத்தார், நான் ஏற்கெனவே அவற்றில் எதையோ தடவிவிட்டது போல.

அந்த வெல்வெட் ஒரு பெண்ணின் பெயரோடு சேர்ந்தது. எஸ்தர் லெடர்பெர்க் என்ற அமெரிக்கர், தம் கணவர் ஜோஷுவாவுடன் சேர்ந்து 1952இல் வெளியிட்ட முறை அது. ஒரு தட்டில் பாக்டீரியாக்கள் புள்ளி புள்ளியாக, கோலப்புள்ளி வைத்தது போல வளர்ந்திருக்கும். அதன்மேல் கிருமி நீக்கிய வெல்வெட்டை ஒற்றி எடுத்தால், துணியின் மயிரிழைகளில் ஒவ்வொரு புள்ளியும் அதன் இடம் மாறாமல் ஒட்டிக்கொள்ளும். அதைக் கொண்டுபோய் மருந்து கலந்த வேறு தட்டுகளில் ஒற்றினால், எல்லாத் தட்டிலும் ஒரே இடத்தில் ஒரே புள்ளி பிழைத்து நிற்கும். இதிலிருந்து தெரிவது என்ன? மருந்தைப் பார்த்த பிறகு பாக்டீரியா எதிர்ப்பைக் கற்றுக்கொள்ளவில்லை. மருந்தைப் பார்ப்பதற்கு முன்பே, எதேச்சையாக நேர்ந்த ஒரு மரபணு மாற்றத்தால், அந்த ஒன்றிடம் எதிர்ப்பு இருந்திருக்கிறது. மருந்து மற்றவற்றைக் கொன்று அதற்கு இடம் காலி செய்து கொடுக்கிறது, அவ்வளவே.

ஜோஷுவாவுக்கு 1958இல் நோபல் பரிசு கிடைத்தது. எஸ்தருக்கு இல்லை. இதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்த மடல் வேறு திசைக்குப் போய்விடும், விடுகிறேன்.

ஆனால் அந்த வெல்வெட் சொன்ன உண்மை நம் கோழிக் கறிக் குழம்பு வரை வந்திருக்கிறது. வேறு எந்த மருந்தும் கேட்காதபோது மருத்துவர்கள் கடைசியாக எடுப்பது கொலிஸ்டின். அதே மருந்தைக் கால்நடைத் தீவனத்திலும் கலந்தார்கள். 2015இல் சீனாவிலிருந்து ஒரு செய்தி வந்தது: கொலிஸ்டினை எதிர்க்கும் மரபணு ஒன்று, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ வளையத்தில் ஏறிவிட்டது. பிளாஸ்மிட் என்பது பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சமையல் குறிப்பு மாதிரி; உறவுக்காரராக இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. மலேசியா 2019 ஜனவரி 1 முதல் கால்நடைகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதைத் தடை செய்தது. அந்தத் தடைக்குப் பின்னால் கிருமியின் மரபணுவைப் படித்த ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் யாரும் உங்கள் நேர்காணலில் தேறியிருக்க மாட்டார்கள்.

நான் பாக்டீரியா வளர்த்த தட்டைப் பற்றியும் ஒரு சொல். அதிலிருக்கும் கூழ் அகார். உலகத்தின் எந்த ஆய்வுக்கூடத்துக்குப் போனாலும் இந்தப் பெயர்தான், இது மலாய்ச் சொல். ஜெர்மனியில் ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் வால்டர் ஹெஸ்ஸே என்பவர் வெயில் காலத்தில் ஜெலட்டின் உருகிப்போகிறது என்று தவித்தபோது, 1881இல் அவர் மனைவி ஃபானி தம் சமையலறையில் இருந்த அகாரை எடுத்துக் கொடுத்தார். ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய அண்டை வீட்டார் மூலம் அதை அறிந்தவர் அவர். தீபாவளிக்கு அம்மா பாண்டான் இலையும் தேங்காய்ப்பாலும் விட்டுச் செய்து, டிரேயில் ஊற்றி, வைரம் வைரமாக வெட்டித் தருவாரே, கடற்பாசி, அதேதான். முதன்முதலில் மிண்டனில் அகார் காய்ச்சியபோது அந்தக் கூழின் ஆவி முகத்தில் அடித்து எனக்கு லயத்து அடுப்படி ஞாபகம் வந்துவிட்டது. நமக்குத் தொடர்பில்லாத துறை என்று நீங்கள் நினைப்பதன் அடித்தளமே நம் பக்கத்துக் கடலில் விளைந்ததுதான்.

அரசாங்க உதவியில் பிரிட்டனுக்குப் போனேன். பிளாஸ்மிட் எப்படித் தாவுகிறது என்பதுதான் என் முனைவர் ஆய்வு. அங்கேதான் முர்ரே தம்பதியரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். எடின்பரோவில் இருந்தவர்கள். நான் அவர்களிடம் படிக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் பாக்டீரியா மரபியலில் இருந்த யாரும் அவர்கள் பெயரைச் சொல்லாமல் ஒரு வாரம் கழிக்க முடியாது. உங்கள் குழுவுக்கு நான் சொல்ல விரும்பும் கதை இதுதான், சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள் உண்டு. அவற்றில் ஒன்றின் பெயர் லாம்ப்டா. அதைக் கண்டுபிடித்தவர் அதே வெல்வெட்காரர், எஸ்தர் லெடர்பெர்க். 1950களின் தொடக்கத்தில் வேறு சிலர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். ஒரு வகை பாக்டீரியாவில் வளர்ந்த வைரஸ், வேறொரு வகை பாக்டீரியாவுக்குள் போனால் பிழைப்பதில்லை. ஏன்? அன்றைக்கு அதனால் யாருக்கும் காலணாப் பயன் இல்லை. பத்து வருடம் கழித்து வெர்னர் ஆர்பர் காரணத்தைப் பிடித்தார்: அந்நிய டி.என்.ஏவை வெட்டிப்போடும் கத்தரி போன்ற நொதி பாக்டீரியாவிடம் இருக்கிறது. 1970இல் ஹாமில்டன் ஸ்மித், டி.என்.ஏவின் எழுத்துகள் என்று நாங்கள் சொல்லும் வேதிக் கண்ணிகளில், குறிப்பிட்ட வரிசையைப் பார்த்து மட்டும் வெட்டும் ஒரு கத்தரியைத் தனியே பிரித்தெடுத்தார். நொரீன் முர்ரே அந்தக் கத்தரிகளை வைத்து லாம்ப்டா வைரஸைச் சீரமைத்து, வேண்டிய மரபணுவை ஏற்றிச் செல்லும் வண்டியாக்கினார். அவர் கணவர் கென், பதினாறு வயதில் பள்ளியை விட்டு ஆய்வுக்கூடப் பணியாளராகச் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே படித்து மேலே வந்தவர். கல்லீரலைத் தாக்கும் ஹெப்பாடிடிஸ் பி வைரஸின் மரபணுக்களை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்து, அந்த வைரஸின் புரதத்தை அவர் குழு உண்டாக்கிக் காட்டியது 1979இல். பிறகு இதே வழியில் மரபணுவை ஈஸ்ட்டில் வைத்துத் தடுப்பூசி தயாரித்தார்கள். 1989 முதல் மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு அந்த ஊசி போடப்படுகிறது. நீலக் கோப்போடு வந்த அந்தப் பெண்ணுக்கும் பிறந்தவுடன் போட்டிருப்பார்கள்.

கென் முர்ரேவுக்குக் காப்புரிமைப் பணம் வந்தது, ஏராளமாக. அவர் அதை வைத்து 1983இல் டார்வின் அறக்கட்டளை என்று ஒன்றைத் தொடங்கி, உயிரியல் படிக்க வரும் மாணவர்களுக்கு உபகாரச் சம்பளம் கொடுக்க வைத்தார். பல நாட்டுப் பிள்ளைகள் அதில் படித்திருக்கிறார்கள். பாருங்கள், நீங்கள் செய்யும் அதே வேலை. ஆனால் 1952இல் "வைரஸ் ஏன் சாகிறது என்று தெரிந்து என்ன வேலைக்குப் போவாய்?" என்று அந்த முதல் ஆட்களைக் கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தால், அந்த அறக்கட்டளைக்குப் பணமும் இல்லை, நம் பிள்ளைகளுக்கு ஊசியும் இல்லை.

நான் ஊருக்குத் திரும்பியது 1986இல். பொருளாதார மந்தக் காலம். ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், வெளிநாட்டிலிருந்து பனிக்கட்டியில் வைத்து அனுப்பிய நொதிகள் விடுமுறை வாரத்தில் சரக்குக் கிடங்கில் கிடந்து, பெட்டியைத் திறந்தால் வெதுவெதுப்பான தண்ணீர். மூன்று மாதச் செலவு. அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

நான் எடுத்துக்கொண்டது மெலியாய்டோசிஸ் நோயை உண்டாக்கும் பாக்டீரியா. இதைக் கிட்டத்தட்ட நம் சொந்தக் கிருமி என்றே சொல்லலாம். வயல் சேற்றிலும் ஈர மண்ணிலும் இருக்கிறது. காலில் உள்ள வெடிப்பு வழியாகவோ மூச்சு வழியாகவோ ஏறும். சர்க்கரை நோயாளிகளை முதலில் பிடிக்கும். இதை முதலில் விவரித்தவர்கள் ரங்கூனில் இருந்த விட்மோரும் கிருஷ்ணசாமியும், 1912இல். நோய்க்கு விட்மோர் பெயரை வைத்தார்கள்; கிருஷ்ணசாமி, பெயரைப் பார்த்தால் நம்மவர், அடிக்குறிப்பில் நின்றுவிட்டார். கோலாலம்பூரில் 1900இல் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்த ஸ்டான்டனும் ஃப்ளெட்சரும்தான் 1921இல் இதற்கு இன்றைய பெயரைக் கொடுத்தவர்கள். ஆண்டுக்கணக்கில் உடம்புக்குள் தூங்கும். ஜப்பானியரிடம் போர்க்கைதியாக இருந்த ஒருவருக்கு 62 ஆண்டுகள் கழித்து வெளிப்பட்டதாக மருத்துவ ஏடு ஒன்றில் பதிவு இருக்கிறது. சயாம் மரண ரயில் பாதைக்குப் போய்த் திரும்பிய நம் தோட்டத்து மக்களில் எத்தனை பேர் இதைச் சுமந்து வந்தார்களோ. யாரும் பார்க்கவில்லை. அலோர்ஸ்டார் மருத்துவமனைப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வில் நோய் கண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இறந்திருந்தார்.

இதை வளர்க்கும் சிறப்பு அகாரில் நான்காம் நாள் பார்த்தால், கத்தரிப்பூ நிறத்தில், காய்ந்து சுருங்கிய பூவிதழ் போல மடிப்பு மடிப்பாக எழுந்து நிற்கும். அழகாக இருக்கும். முகர்ந்து பார்க்கக் கூடாது.

1990 வாக்கில், டி.என்.ஏவைப் பெருக்கும் பிசிஆர் முறை எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது, இயந்திரம் வரவில்லை. மூன்று தண்ணீர்த் தொட்டிகளை வரிசையாக வைத்தோம். 94 பாகை, 55 பாகை, 72 பாகை. குழாய்களை நுரைப் பஞ்சில் செருகி, கடிகாரத்தைப் பார்த்து ஒரு தொட்டியிலிருந்து அடுத்ததற்குக் கையால் மாற்ற வேண்டும், முப்பது சுற்று. ஒருவர் சாப்பிடப் போனால் இன்னொருவர் மாற்றுவார். பதினேழா பதினெட்டா என்று சந்தேகம் வராமல் இருக்கச் சுவரில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டோம். அத்தனை சூட்டிலும் கெடாமல் வேலை செய்த நொதி, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் தாமஸ் பிராக் 1960களில் கண்டெடுத்த ஒரு பாக்டீரியாவினுடையது. வெந்நீரில் என்ன உயிர் வாழும் என்ற வெறும் ஆவலில் போனவர் அவர். 2020இல் உங்கள் எல்லோருடைய மூக்கிலும் குச்சி விட்டு எடுத்த மாதிரியைச் சோதித்ததும் இதே முறைதான்.

என் தோல்வியையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது தற்புகழ்ச்சி ஆகிவிடும். இரத்த வெள்ளணுவுக்குள் இந்தப் பாக்டீரியா எப்படிப் பிழைக்கிறது என்று தேடி, பிழைக்க முடியாத ஒரு மரபணுப் பிறழ்வைப் பிடித்துவிட்டதாக இரண்டரை வருடம் நம்பினேன். கடைசியில் பார்த்தால் குழாயில் இருந்தது வேறொரு பாக்டீரியா. கலந்தது என் கையால்; லேபிளில் இருந்தது என் கையெழுத்து. இரண்டரை வருடத்தையும் குப்பையில் போட்டுவிட்டுத் திங்கட்கிழமை காலை மறுபடி அகார் காய்ச்சினேன். இந்தத் துறையில் சம்பளத்தைவிட இதுதான் கடினம். அந்தப் பெண்ணிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது: தோற்றால் திங்கட்கிழமை என்ன செய்வாய்?

நான் வேலை தொடங்கிய காலத்தில், டி.என்.ஏ வரிசையைப் படிக்க உதவும் ஜெல் ஒன்றில் சில நூறு எழுத்துகள் படித்தால் அன்றிரவு நிம்மதியாகத் தூங்குவோம். 2004இல் இந்தப் பாக்டீரியாவின் முழு மரபணுத் தொகுதியும் வெளிவந்தது: இரண்டு குரோமோசோம்கள், 72 லட்சம் எழுத்துகளுக்கு மேல். அதில் ஒரே ஓர் எழுத்து என்ன செய்யும் என்பதற்குச் சரவாக் மாநிலம் சாட்சி. மற்ற இடங்களில் ஜென்டமைசின் என்ற மருந்து இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. அதனால்தான் நான் சொன்ன அந்தச் சிறப்பு அகாரில் ஜென்டமைசினைக் கலந்திருப்பார்கள். மற்றக் கிருமிகள் செத்துவிடும், இது மட்டும் வளரும். சரவாக்கில் எடுத்த மாதிரிகளைச் சோதித்தால், பெரும்பாலானவை ஜென்டமைசினுக்குச் செத்துப்போயின. மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும் பம்பின் மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது. 2014இல் வெளிவந்தது இது. அதாவது, புத்தகத்தில் உள்ளபடி சோதித்தால் அங்கே நோயாளியின் கிருமி தட்டில் வளரவே வளராது. நோய் இல்லை என்று எழுதிவிடுவார்கள். இது என் வேலை அன்று, அங்கே இருந்தவர்களின் வேலை. நம் ஊர்க் கிருமியை நம் ஊரில் படிக்க ஆள் வேண்டும் என்பதற்கு இதைவிட நான் என்ன சொல்ல? வேறு நாட்டுக்காரர் வந்து சரவாக்கின் அந்த ஓர் எழுத்தை நமக்காகத் தேடித் தருவார் என்று காத்திருக்க முடியுமா?

அன்று தேநீர் இடைவேளையில் வைத்த லட்டுத் தட்டு வந்தபடியே திரும்பிப் போனதைக் கவனித்தேன். அறையில் இருந்தவர்களின் வயதையும் உடம்பையும் பார்த்தால் காரணம் கேட்க வேண்டியதில்லை. என் கைப்பையில் இன்சுலின் பேனா இருந்தது. 1982க்கு முன்னால் இன்சுலின் பன்றியின் கணையத்திலிருந்தோ மாட்டின் கணையத்திலிருந்தோதான் வந்தது. நம் நாட்டில் அதன் சங்கடத்தை விளக்க வேண்டுமா? மனித இன்சுலின் மரபணுவை ஈ.கோலைக்குள் வைத்து, அதைக் கொண்டே தயாரித்து விற்பனைக்கு வந்தது அந்த வருடம். இன்றும் சில நிறுவனங்கள் பாக்டீரியாவிலும் சில ஈஸ்ட்டிலும் தயாரிக்கின்றன. "கிருமியைப் படித்து என்ன செய்வாய்" என்று கேட்ட அறையில் கிருமி செய்த மருந்து ஒரு பையிலாவது இருந்தது. அதை எடுத்து மேசைமேல் வைத்திருந்தால் போதும், பேசியிருக்கவே வேண்டாம். செய்யவில்லை.

உங்கள் தரப்பும் எனக்குத் தெரியும். என்னிடம் முதுகலை முடித்த பையன் ஒருவன் இப்போது காப்புறுதி முகவர். இன்னொருத்தி டியூஷன் வகுப்பு நடத்துகிறாள். ஆராய்ச்சி நிதி வரும், போகும். மூன்று வருட ஒப்பந்தம் முடிந்ததும் வேலை இல்லை என்பது சகஜம். முப்பது வயதில் மருந்தாளர் வீடு வாங்கியிருப்பார், ஆய்வாளர் வாடகை அறையில் இருப்பார். இதை மறைத்து அந்தப் பெண்ணை யாராவது ஆசைகாட்டி இழுத்தால் முதல் ஆளாக நான் சண்டைக்கு வருவேன். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், பாக்டீரியாவுக்குள் புரதம் செய்யும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டு 2009இல் நோபல் வாங்கியவர், அவரே ஒரு காலத்தில் ஐம்பது பல்கலைக்கழகங்களுக்கு எழுதிப்போட்டு ஒன்றிலும் வேலை கிடைக்காமல் இருந்தவர்தான்.

ஆனால் ஒன்று. லோரி ஓட்டும் அப்பா "என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்கத்தான் வேண்டும். அவர் வீட்டில் தவறிப்போனால் தாங்க ஆள் இல்லை. என் அப்பாவுக்கும் இல்லை, அதனால்தான் பொய் சொன்னேன். அந்தப் பயத்தில் பாதியையாவது வாங்கித் தன் தோளில் வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் ஊர் பணம் சேர்த்து உங்கள் கையில் கொடுத்திருக்கிறது. நீங்களும் அப்பாவின் கேள்வியையே கேட்பீர்களானால், அப்பா போதுமே, நேர்காணல் எதற்கு? மருத்துவத்துக்கும் ஃபார்மசிக்கும் வங்கி கடன் தரத் தயங்காது, உறவினர்கள் நகை அடகு வைப்பார்கள். நுண்ணுயிரியலுக்கு நகை அடகு வைக்கும் மாமாவை நான் இதுவரை பார்த்ததில்லை.

அதனால் கேட்கிறேன். உங்கள் விண்ணப்பப் படிவத்தில் "எதிர்காலத் தொழில்" என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதை எடுத்துவிடுங்கள். பதினெட்டு வயதில் அதில் நான் எழுதியிருக்கக்கூடியது எல்லாமே பொய்யாகத்தான் இருந்திருக்கும். வருடத்துக்கு இரண்டு இடங்களையாவது அடிப்படை அறிவியலுக்கு ஒதுக்குங்கள். இரண்டு வருடம் தகுந்த பிள்ளை வராவிட்டால் பணத்தை வேறு யாருக்காவது கொடுங்கள், நான் கேட்க மாட்டேன். அடுத்த வருடம் என்னை அழைத்தால் வருகிறேன், ஆனால் குளிரூட்டியின் கீழே உட்கார மாட்டேன், வாயை மூடிக்கொண்டும் உட்கார மாட்டேன்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அவளுக்குப் பல்கலைக்கழக இடம் கிடைத்துவிட்டது. பதிவுக்கு இன்னும் சில வாரங்களே உள்ளன. பி.டி.பி.டி.என் என்ற அரசாங்கக் கல்விக் கடன் கட்டணத்துக்குப் போய்விடும். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும்தான் அவள் உங்களிடம் வந்தாள். முதல் பருவத்துக்கு நான் என் பங்கைத் தருகிறேன்; மீதியை நீங்கள் பாருங்கள். கோப்பு நீல நிறம், ஒரு மூலை சுரண்டப்பட்டிருக்கும். மூன்றாவது பக்கத்தில் அவள் அப்பாவின் கைப்பேசி எண் இருக்கிறது. பகலில் அவர் லோரி ஓட்டிக்கொண்டிருப்பார். இரவு எட்டு மணிக்கு மேல் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
மேசைக் கோடியில் அமர்ந்திருந்தவள்
ஓய்வுபெற்ற பாக்டீரியா மரபியல் ஆய்வாளர்
கெலுகோர், பினாங்கு